‘எங்கிருந்தும்’ என்றால் எங்கிருந்து?

விளம்பரத்தின் தலைப்பில் ‘உலகில் எங்கிருந்தும் வேலை செய்யலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் எங்கள் அயல்வீட்டுத் தம்பி படிவத்தைத் திறந்தான். பெயர், மின்னஞ்சல், செய்த வேலைகளின் இணைப்பு எல்லாம் நிரப்பியாயிற்று. நாட்டைத் தெரிவு செய்யும் பட்டியல் வந்தது. ஆங்கில அகரவரிசையில் ஸ்பெயினுக்கு அடுத்த வரியில் ஸ்வீடன் நின்றது. நடுவில் நிற்கவேண்டிய இலங்கையைக் காணவில்லை. “பாருங்க அண்ணே, உலகம் இவ்வளவுதான்” என்று திரையை என் பக்கம் திருப்பினான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் கணனி வகுப்புகளுக்கும் பிள்ளைகள் குவியும் ஊர் கண்டி. வீடியோ கேம் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஆசை அவர்களில் பலருக்கு உண்டு. அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதன் வாசல் எங்கே இருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, எது வெறுமனே சாத்தியிருக்கிறது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ‘திறமை இருந்தால் போதும்’ என்பார்கள். அல்லது ‘இதெல்லாம் நம்மளுக்குச் சரிவராது’ என்பார்கள். இரண்டுமே சோம்பேறிப் பதில்கள். திறமையான பலருக்கு இந்த வேலை கிடைக்காமல் போவது சட்டம், கடிகாரம், பணம் வரும் வழி, நம்பிக்கை ஆகிய நான்கினால். கிலோமீட்டர் இதில் வருவதே இல்லை.

தொலைவழி வேலை இந்தத் தீவுக்குப் புதிதும் அல்ல. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1964இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், ஐம்பது வருடத்தில் ஒருவர் தாஹிட்டியிலோ பாலியிலோ இருந்தபடி லண்டனில் இருப்பதைப் போலவே தொழில் நடத்தலாம் என்றார். கேட்டவர்கள் கதாசிரியரின் கற்பனை என்று சிரித்திருக்கக்கூடும். அவரோ காலம் வரும்வரை காத்திருக்காமல் தானே செய்து காட்டினார். அவருடைய நாவலிலிருந்து ‘2010’ படத்தை எடுக்கத் தயாரான ஹொலிவூட் இயக்குநர் பீட்டர் ஹையம்ஸும் கொழும்பில் இருந்த கிளார்க்கும் 1983இல் ஆளுக்கொரு கேப்ரோ கணனி வைத்துக்கொண்டு, மொடெம் மூலம் தொலைபேசிக் கம்பி வழியே நாள்தோறும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் தட்டச்சு செய்வார், காலையில் பதில் காத்திருக்கும். அந்த மடல்கள் ‘தி ஒடிசி ஃபைல்’ என்ற நூலாகவும் வந்தன. வெளிநாட்டுக் கேளிக்கைத் துறைக்கு இலங்கையிலிருந்து நடந்த முதல் தொலைவழி வேலைகளில் அதைச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். ஒரே ஒரு வேற்றுமை உண்டு. கிளார்க்கைத் தேடி வேலை வந்தது. எங்கள் தம்பி வேலையைத் தேடிப் போகிறான்.

அவன் தேடிப் போகும் காலமும் நல்ல காலமில்லை. 2020இல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது கேம் விற்பனை எகிறியது, நிறுவனங்கள் ஆட்களை அள்ளிச் சேர்த்தன, தொலைவழி வேலை ஒரே மாதத்தில் வழக்கமாயிற்று. பிறகு வட்டி ஏறியது, விற்பனை தணிந்தது, சேர்த்தவர்களையே வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நிறுத்தியது. கேம் செய்யும் மென்பொருளை விற்கும் யூனிட்டி அதே மாதம் ஏறத்தாழ 1,800 பேரை அனுப்பியது. அடுத்த மாதம் சோனி 900 பேர். துறைக்குள் இருப்பவர்களே தொகுத்த கணக்குப்படி 2023இல் சுமார் 10,500 பேரும் 2024இல் 14,000க்கு மேற்பட்டவர்களும் உலகம் முழுதும் வேலை இழந்தார்கள். இதன் பொருள் நமக்கு நேரடியானது. ஓர் இளநிலை இடத்துக்குக் கண்டியிலிருந்து விண்ணப்பம் போகும்போது, அதே இடத்துக்கு ஏழெட்டு வருட அனுபவமும் வெளிவந்த கேம் ஒன்றில் பெயரும் உள்ள ஒருவர் மொன்றியலிலிருந்தும் விண்ணப்பித்திருப்பார்.

அதோடு பெரிய நிறுவனங்கள் ஆட்களை அலுவலகத்துக்குத் திரும்பக் கூப்பிடுகின்றன. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ செய்யும் ரொக்ஸ்டார், 2024 ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாளும் வரவேண்டும் என்றது. சொன்ன காரணங்களில் ஒன்று பாதுகாப்பு. அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2022 செப்டம்பரில் அவர்களுடைய அடுத்த கேமின் முடியாத காட்சிகள் ஊடுருவலில் களவாடப்பட்டு இணையமெங்கும் ஓடின. 2023 டிசம்பரில் ஸ்பைடர்மேன் கேம் செய்த இன்சோம்னியாக்கின் உள்வேலைகள் அத்தனையும் வெளியே கொட்டின. பல வருட உழைப்பை ரகசியமாக வைத்திருந்து ஒரே நாளில் விற்கும் தொழில் இது. முகம் தெரியாத ஒருவரின் வீட்டு மடிக்கணனிக்கு அதை அனுப்ப யாருக்கும் கை நடுங்கும். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்றவற்றுக்குக் கேம் செய்யத் தனியான சோதனை இயந்திரங்கள் உண்டு. அவை கடையில் கிடைக்காது, ஒப்பந்தம் எழுதிய நிறுவனங்களுக்கே, இன்ன முகவரியில்தான் வைத்திருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வரும். ஆகவே பெரிய கொன்சோல் கேம்களின் உள்வேலை நமக்குப் பெரும்பாலும் பூட்டிய வாசல். அதைத் தட்டிக்கொண்டு நிற்பதில் வருடம் போகும்.

இனி அந்தப் பட்டியலில் இலங்கை ஏன் இல்லை என்ற கேள்வி. ஒருவரை ஊழியராகச் சேர்த்தால் அவர் வாழும் நாட்டின் தொழிற்சட்டத்துக்கு நிறுவனம் கட்டுப்படவேண்டும். இலங்கையில் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநரின் 3 வீதம். இவற்றைக் கட்ட இங்கே பதிவுபெற்ற ஓர் அமைப்பு வேண்டும். முப்பது பேர் வேலை செய்யும் போலந்து ஸ்டூடியோ ஒன்று, ஒரே ஒரு கண்டிக்காரருக்காக இலங்கையில் கம்பனி பதியுமா? ஆகவே ‘எங்கிருந்தும்’ என்பதை ‘எங்களுக்கு ஏற்கெனவே பதிவு உள்ள நாடுகளில் எங்கிருந்தும்’ என்று வாசித்துப் பழகவேண்டும். நிறுவனத்தின் சார்பில் நின்று உள்ளூரில் ஊழியராகப் பதிந்துகொடுக்கும் டீல், ரிமோட் போன்ற இடைநிலைச் சேவைகள் இப்போது உண்டு. ஆனால் அவை மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும். அனுபவசாலிக்கு அதைக் கட்டுவார்கள். புதியவருக்குக் கட்ட மனம் வராது.

மிஞ்சுவது ஒப்பந்தக்காரர் என்ற ஏற்பாடு. மலையகத்தில் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது, கொந்தராத்து. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலம்தொட்டு, கண்காணாத் தொலைவில் உள்ள முதலாளிக்கு உழைப்பது இந்த மலைகளுக்குப் பழகிய சங்கதி. தோட்டத்தில் ‘பேர்’ விழுந்தால் அந்த நாளுக்குச் சம்பளத்தோடு சேமலாப நிதியும் உண்டு. கைக்காசுக்குப் பறித்தால் பறித்த கிலோவுக்குக் காசு, அதோடு கதை முடிந்தது. கேம் நிறுவனத்துக்குக் கொந்தராத்தில் வேலை செய்பவர் கைக்காசுக்காரர்தான். மாதம் முடிந்ததும் தானே விலைச்சிட்டை எழுதி அனுப்பவேண்டும். சேமலாப நிதி இல்லை, சம்பளத்தோடு லீவு இல்லை, பிரசவ விடுமுறை இல்லை. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் சம்பளப் பத்திரத்தைக் கேட்பார்கள். டொலர் வருகிறது என்பதில் மயங்குமுன் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் சாத்தியம் இருக்கிறது என்கிறேன். தொலைவழியே பிறந்து வளர்ந்த ஸ்டூடியோக்கள் உண்டு. 2010இல் தொடங்கிய மூன் ஸ்டூடியோஸுக்கு எல்லோரும் கூடும் அலுவலகம் என்று ஒன்று இருக்கவில்லை. தொடங்கிய இருவரில் ஒருவர் வியன்னாவில், மற்றவர் இஸ்ரேலில். ஆட்களை நாடுநாடாகப் பொறுக்கியெடுத்து, சுமார் நான்கு வருடம் உழைத்து, 2015இல் ‘ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபொரஸ்ட்’ என்ற அழகான கேமை வெளியிட்டார்கள். பெரிய பெயர்கள் ஊழியரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் இதே வருடங்களில் ஐந்து பேர், பத்துப் பேர் கொண்ட இப்படியான சிறு குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றுக்கு மனிதவளப் பிரிவு கிடையாது, நாட்டுப் பட்டியல் போட்ட படிவமும் கிடையாது. அவற்றின் வேலைகள் பெரும்பாலும் விளம்பரமாக வருவதுமில்லை. தெரிந்த ஒருவர் தெரிந்த ஒருவரைச் சொல்வார். சாத்தியிருக்கும் வாசல் என்று நான் சொன்னது இதைத்தான்.

எந்த வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம் என்பதிலும் தெளிவு தேவை. கேம் நிறுவனம் என்றால் கதை எழுதி, பாத்திரம் வரைந்து, விளையாடிப் பார்ப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிக ஆள் தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் விளையாடும்போது சேர்வரைத் தாங்கவைப்பது, கட்டணம் வாங்கும் பகுதி, ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது, ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் பயன்படுத்தும் உட்கருவிகளை எழுதுவது ஆகியவையெல்லாம் சாதாரண மென்பொருள் வேலைகளே. கொழும்பில் வங்கி மென்பொருளோ விமானச்சீட்டு மென்பொருளோ எழுதி நாலைந்து வருடம் பழகியவர் இந்தப் பக்கம் தாவுவது, பாத்திர ஓவியம் வரைபவர் உள்ளே நுழைவதைவிட எளிது. இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடும். கேம் வேலை என்று கனவு கண்டது சேர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கவா என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் உள்ளே போனவர் அடுத்த அறைக்கு மாறுவது வெளியே நிற்பவர் நுழைவதைவிடச் சுலபம்.

ஓவியம், முப்பரிமாண உருவங்கள், சோதனை, மொழிபெயர்ப்பு ஆகியவை வேறு வழியாக வரும். பெரிய நிறுவனங்கள் இவற்றை வெளியே கொடுக்கின்றன, கொடுப்பதோ தனியாளுக்கல்ல, அதற்கென்றே உள்ள நிறுவனங்களுக்கு. இந்தியா இந்த வழியில்தான் இத்துறைக்குள் புகுந்தது. 1997இல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய த்ருவா இன்டராக்டிவ், வெளிநாட்டுக் கேம்களுக்குக் கார்களும் கட்டடங்களும் செய்துகொடுத்தே வளர்ந்து, 2019இல் ரொக்ஸ்டாரின் கைக்குப் போனது. குருகிராமின் லக்ஷ்யா டிஜிட்டலை 2014இல் டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ் வாங்கியது. இருபது வருடம் பிறருடைய கேமுக்குச் சக்கரமும் சன்னலும் செய்த கைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இலங்கையில் அந்த அடுக்கு மெலிந்தது. காஞ்சாயுத என்ற கேமைச் செய்த கொழும்பின் அரிமாக் போன்ற சில பெயர்களைச் சொல்லலாம். ஆனால் ஓர் இளைஞர் மூன்று வருடம் அடிபட்டுத் தேறி, அந்த அனுபவத்தோடு வெளிநாட்டுக் கதவைத் தட்டும் அளவுக்குப் படிக்கட்டுகள் இல்லை. கண்டியில் அதுவும் இல்லை. இங்கிருந்து முயல்பவர் முதற்படியே இல்லாத மாடியில் ஏறவேண்டியிருக்கிறது.

கல்விக்குக் குறைவில்லை. பேராதனையின் பொறியியற் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து இங்கே வந்தது. அதன் கணனிப் பொறியியல் துறையில் படித்து வந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எஸ்எல்ஐஐடி கண்டியிலும் வகுப்பு நடத்துகிறது. இவற்றுக்குள் நுழைந்தவர்களுக்குக் கணிதமும் ஆங்கிலமும் ஒரு மாதிரி கைவந்துவிடும். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தோட்டப் பாடசாலையில் உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளையின் நிலை வேறு. நேர்முகத்தில் ‘நீ எடுத்த முடிவை ஏன் எடுத்தாய்’ என்று ஆங்கிலத்தில் அரை மணி நேரம் கேட்பார்கள். இலக்கணம் தவறினாலும் பரவாயில்லை, யோசித்ததை யோசித்த ஒழுங்கில் சொல்லத் தெரியவேண்டும். இது எந்த வகுப்பிலும் கற்பிக்கப்படுவதில்லை. தன் வேலையைப் பற்றி வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் இதில் தேறியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கருவி. அன்ரியல் எஞ்சின் 5ஐச் சரளமாக ஓட்ட 32 ஜிபி நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் வேண்டும் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். ரூபாய் விழுந்தபின் அப்படி ஒரு கணனி ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம். ஆர்ஜென்டினாவில் பிறந்து, 2014இல் திறந்தமூலமாக வெளிவந்த கொடோ எஞ்சின் அதோடு ஒப்பிட்டால் இறகு. பழைய மடிக்கணனியிலும் ஓடும், கட்டணம் இல்லை. 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு நிறுவலுக்கும் காசு வாங்கப்போவதாக அறிவித்துத் தொழில்முழுதும் கொதித்தெழுந்தபோது பல ஸ்டூடியோக்கள் கொடோவின் பக்கம் திரும்பின. ‘ஸ்லே த ஸ்பைர்’ என்ற கேமைச் செய்தவர்கள் இரண்டாம் பாகத்தை அதில்தான் செய்தார்கள். ஒரு வருடத்தில் யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது, ஆனால் போனவர்களில் பலர் போனவர்கள்தான். வசதி குறைந்த கண்டிப் பிள்ளைக்கு இந்தச் சண்டையில் விழுந்த லாபம், இலவசமாகக் கற்ற கருவிக்கும் இப்போது சந்தை உண்டு என்பது.

மின்சாரத்தையும் இணையத்தையும் பற்றிச் சொல்லாமல் விட்டால் கண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த மாதங்களில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மின்சாரம் உள்ள நேரத்தில் கோப்பை ஏற்றிவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு. இப்போது அப்படியில்லை, நகரில் பைபர் இணைப்பு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஹந்தானை மேலேயோ வத்தேகமவுக்கு அப்பாலோ போனால் கைபேசிச் சமிக்ஞையை நம்பித்தான் பிழைப்பு. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது, அதன் விலை எல்லாருக்கும் கட்டாது. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. மண்சரிவில் உயிர்கள் போயின, வீதியும் ரயில்பாதையும் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் நின்ற இடங்கள் பல. அந்த நாட்களில் வெளிநாட்டுக் குழுவுக்குச் செய்தி அனுப்ப முடியாமல் நாட்கணக்கில் காணாமற்போன ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அவர் திரும்பி வந்தபோது குழு காத்திருந்தது, அது அவருடைய அதிர்ஷ்டம். கொந்தராத்துப் பத்திரத்தில் புயலுக்கு என்று வரி எதுவும் இல்லை.

கடிகாரத்தைப் பார்ப்போம். மொன்றியலில் கோடைகாலக் காலை 10 மணிக் கூட்டம் கண்டியில் இரவு 7.30. வன்கூவரில் அதே 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30. குளிர்காலத்தில் மொன்றியலில் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள், நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் பிந்தும். மெல்பேர்னில் காலை 10 என்றால் நாம் 5.30க்கு முன்பே எழுந்திருக்கவேண்டும். வார்சோவிலோ ஸ்டொக்ஹோமிலோ கோடையில் காலை 10 மணி, இங்கே பிற்பகல் 1.30. பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்காரலாம், இரவு 9 மணிக்குள் எழுந்துவிடலாம். கண்டியிலிருந்து தேடுபவர் அமெரிக்க மேற்குக்கரையின் பெரிய பெயர்களை முதலில் நாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடிகாரம் சொல்வதைக் கேட்டால் போலந்தும் பின்லாந்தும் சுவீடனும்தான் முதலில் வரவேண்டும். இரவு வேலை இருபத்துமூன்று வயதில் வீரமாகத் தெரியும். கலியாணமாகி, விடியற்காலையில் பிள்ளையை ஸ்கூல் வேனுக்கு ஏற்றவேண்டிய வயதில் அது நோயாக மாறும்.

பணம். இதில் மட்டும் எண்களைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கவேண்டும். பேபால் இலங்கையில் இருக்கிறது, ஆனால் செலுத்தலாம், பெறமுடியாது. வருடக்கணக்காக இதே நிலை. ஸ்ட்ரைப் கிடையாது. ஆகவே பேயோனியர், வைஸ், அல்லது நேரடி வங்கி மாற்றல். கேம் ஒன்றைத் தானே செய்து ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்றால் அவர்கள் வங்கிக்கே அனுப்புவார்கள், ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டொலர் கட்டவேண்டும். வரி இதற்குப் பின்னால் வருகிறது. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வங்கி வழியே வெளிநாட்டு நாணயத்தில் வரும் வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு, உச்சம் 15 வீதம். மாதம் 1,000 டொலர் வருகிறது, டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 36 இலட்சம். முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 10 இலட்சத்துக்கு 6 வீதம், 60,000 ரூபாய். மிச்சம் 8 இலட்சத்துக்கு 15 வீதம், 1,20,000. ஆக வருடத்துக்கு 1,80,000, மாதம் 15,000. அதே 36 இலட்சத்தைக் கொழும்பு நிறுவனத்தில் சம்பளமாக எடுப்பவர் 2,22,000 கட்டுவார். வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் சம்பளக்காரரின் வரியைக் கம்பனி கழித்துக் கட்டிவிடும். கொந்தராத்துக்காரர் தானே வரி இலக்கம் எடுத்து, தானே கணக்கு வைத்து, தானே கட்டவேண்டும். முதல் வருடம் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதத்தோடு விழிப்பவர்கள் இனி அதிகமாவார்கள்.

மோசடி பற்றி ஒரு பத்தி எழுதினால் போதாது, ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். வியட்நாமியர்கள் செய்த ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கேம் ஒரு காலத்தில் பிலிப்பைன்ஸில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2022 மார்ச்சில் அதன் கிரிப்டோ நாணயத்தை மாற்றும் பணப்பாலத்திலிருந்து 60 கோடி டொலருக்கு மேல் களவு போயிற்று. தொடக்கம் என்ன தெரியுமா? அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவருக்கு லிங்க்ட்இன் வழியே வந்த ஒரு பொய் வேலை. பல சுற்று நேர்முகம் நடத்தி, தாராளச் சம்பளம் சொல்லி, நியமனக் கடிதம் என்று ஒரு கோப்பை அனுப்பினார்கள். திறந்தார், கதை முடிந்தது. தேர்ந்த பொறியியலாளருக்கே இந்தக் கதி. ‘சோதனைக்காக இந்தக் கேமை இறக்கி ஓட்டிப்பார்’ என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பை, வங்கிக் கணக்கு உள்ள கணனியில் திறக்கவே கூடாது. இதைவிடக் கொடிய வகையும் உண்டு. தாய்லாந்தில் கணனி வேலை என்று நம்பிப் போய் மியன்மாரின் மோசடி முகாம்களில் சிக்கி, அடிபட்டு மீட்கப்பட்ட இலங்கை இளைஞர்களின் செய்தி 2023க்குப் பிறகு திரும்பத் திரும்ப வந்தது. தொலைவழி வேலை தருபவர் எதற்காக விமானச்சீட்டு அனுப்புகிறார் என்று வீட்டில் ஒருவராவது கேட்டிருக்கவேண்டும்.

சரி, உள்ளே போனவர்கள் எப்படிப் போனார்கள்? சான்றிதழ் காட்டிப் போனதாக நான் அறிந்தவர் ஒருவருமில்லை. முன்பின் தெரியாதவர்களோடு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஏற்கெனவே வேலை செய்து காட்டியவர்களே போனார்கள். இலங்கைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. மாணவர்கள் திறந்தமூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதிக் கொடுக்கும் கூகுளின் கோடைத் திட்டம் 2005இல் தொடங்கியது. முதற் பத்து வருடத்தில் உலகிலேயே அதிக மாணவர்களை அதில் சேர்த்த பல்கலைக்கழகம் மொரட்டுவை. முகம் தெரியாதவரின் நிரலை வாசித்து, குறை கண்டு, பணிவாகத் திருத்தம் அனுப்பி, நிராகரிக்கப்பட்டால் மறுபடி அனுப்பும் பழக்கம் அங்கே ஒரு பரம்பரையாகவே கைமாறியது. பிளெண்டர், கொடோ போன்ற கேம் கருவிகளும் இந்தத் திட்டத்துக்குள் வந்திருக்கின்றன. நிரல் தெரியாத ஓவியருக்கு ஆர்ட்ஸ்டேஷன் தளம் உண்டு. 48 மணி நேரத்தில் முழுக் கேம் ஒன்றைச் செய்து முடிக்கும் போட்டிகள் உலகெங்கும் நடக்கின்றன, வீட்டிலிருந்தே சேரலாம். பாதியில் நிற்கும் பெரிய கனவைவிட முடிந்துபோன சின்னக் கேம் பத்து மடங்கு பெறுமதி. எரிக் பரோன் நாலரை வருடம் தனியாக உட்கார்ந்து ஸ்டார்டியூ வேலி என்ற கேமைச் செய்தார் என்ற கதையைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த வருடங்களில் அவருக்கு யார் சோறு போட்டது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். மாலையில் ஒரு தியேட்டரில் வாசல் காத்தார், துணைவியும் சம்பாதித்தார்.

இலவச ‘பரீட்சை வேலை’ விடயத்தில் என் கருத்து கறாரானது. ஒரு நாள் வேலை என்றால் செய்யலாம். ஒரு வாரம் என்றால் காசு கேட்கவேண்டும். காசு கேட்டதும் மறைந்துபோகிறவர் வேலை தருபவராக இருந்திருக்கமாட்டார்.

நமக்கென்றே ஒரு வேலை இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறைக் கதை. கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியிலிருந்து தொடங்கிச் சமைத்துப் பார்ப்பதே விளையாட்டு. 2024இல் அது சுயாதீனக் கேம் விழாவின் தலைமைப் பரிசையும் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதையும் வாங்கியது. தமிழ்ச் சமையலறை உலகச் சந்தையில் விலைபோகும் என்பதை அது காட்டியது. ஆனால் கேமுக்குள் தமிழ் எழுத்தைக் காட்டுவது இன்னும் தலையிடிதான். யூனிட்டியில் பலகாலமாகப் புழங்கும் டெக்ஸ்ட்மெஷ்புரோ என்ற எழுத்துக் காட்டும் கருவிக்கு நம் எழுத்தின் நடை தெரியாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் முன்னால் எழுதப்படுபவை. அதை அறியாத எஞ்சின், வந்த ஒழுங்கில் அடுக்கிவைக்கும். ‘வேலை’ என்று கொடுத்தால் ‘வலே’ என்று வந்து, கடைசியில் எழுத்து இல்லாத ஐகாரக் குறி ஒன்று அந்தரத்தில் தொங்கும். 2023 மார்ச்சில் வந்த கொடோ 4 இதைச் சரியாகவே காட்டுகிறது. யூனிட்டியில் செய்பவர்களோ ஆளுக்கொரு ஒட்டுவேலை செய்துகொள்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத சோதனையாளர் இந்தப் பிழையைப் பார்த்தாலும் பிழை என்று அறியமாட்டார்.

அம்பிட்டியத் தம்பி அந்த ஒட்டுவேலையை ஒழுங்காகச் செய்து, சின்னக் கருவியாகக் கட்டி, எல்லாரும் எடுக்கும்படி பொதுவில் போட்டிருந்தான். ஏழெட்டு மாதம் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு சிறிய குழுவிடமிருந்து நாலு வரி மின்னஞ்சல் வந்தது. தங்கள் கேமைத் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுவரவேண்டும், மூன்று வாரக் கொந்தராத்து, செய்வாயா என்று. எந்த நாடு என்று அவர்கள் கேட்கவேயில்லை. பணத்தை எப்படி அனுப்புவது என்றுதான் கேட்டார்கள். பேபால் வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடு என்றேன்.